உப்பேறிய குதிரைக்கு நகல் உண்டா?

கேள்வி கேட்டவர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு அண்ணா. அவர் மகள் ஓட்டும் குதிரைக்கு வயது 17. நிறத்தைப் பார்த்து கருப்பன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காயடித்த குதிரை. ஆறு வருடமாக டர்பனைச் சுற்றி நடக்கும் ஜம்பிங் போட்டிகளில் 1.20 மீட்டர் வரை தாண்டிக்கொண்டிருந்தது. போன வருடம் முன்னங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது, இனி தாண்டாது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு சொந்தக்காரர், "செல் எடுத்து வையுங்கள், குளோன் பண்ணலாம், அதே குதிரை திரும்பக் கிடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணா கேட்பது இதுதான்: நிஜமாகவே முடியுமா, அதே குதிரைதானா, போட்டியில் விடுவார்களா, எவ்வளவு ஆகும், செய்யலாமா? கடிதத்தின் அடியில் மகள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: புதுக் குட்டிக்கு என்னை அடையாளம் தெரியுமா?

நான் நேட்டால் மிட்லண்ட்ஸ் பண்ணைகளில் 26 வருடமாகக் குதிரை இனப்பெருக்க வேலை பார்க்கிறேன். செயற்கைக் கருவூட்டல், ஒரு பெண் குதிரையின் கருவை எடுத்து இன்னொன்றின் கருப்பையில் வைப்பது, இரவெல்லாம் விழித்திருந்து குட்டி போடுவதைப் பார்ப்பது, இதுதான் தொழில். குளோன் எதுவும் நான் செய்ததில்லை. அதன் நடுப்பகுதி நடக்கிற ஆய்வகம் எனக்கு அந்நியம். தோல் துண்டு எடுப்பது, வாடகைத் தாயை வைத்துப் பார்ப்பது, பிறந்த குட்டியை எழுப்பி நிறுத்துவது என்று முன்னாலும் பின்னாலும் இருக்கிற வேலை மட்டும் நன்றாகத் தெரியும். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடியுமா என்றால், முடியும். 20 வருடத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். 2003 மே மாதம் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு கோவேறு கழுதை முதலில் பிறந்தது, ஐடஹோ ஜெம் என்று பெயர். அதே மாதம் 28ஆம் தேதி இத்தாலியில் கிரெமோனாவில் பிறந்தது ப்ரொமேத்தியா. அதுதான் உலகின் முதல் குளோன் குதிரை. சேசரே கல்லி என்பவரின் குழு செய்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. ப்ரொமேத்தியாவைச் சுமந்து பெற்ற பெண் குதிரையும், செல் கொடுத்த குதிரையும் ஒன்றே. அதாவது தாய் தன் இரட்டைப் பிறவியைத் தானே பெற்றெடுத்தாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நாம் சொல்வதை இவ்வளவு நேராக யாரும் செய்து காட்டியதில்லை. அந்த ஒரு குட்டிக்காக அவர்கள் ஆய்வகத்தில் உருவாக்கிய கருக்கள் 841. அதில் ஏழெட்டு நாள் வளர்ந்து கருப்பையில் வைக்கும் நிலைக்கு வந்தவை 22. வைத்தவை 17. சினை பிடித்தது நான்கு. பிறந்தது ஒன்று.

நம் நாடும் இதில் ஒன்றும் பின்தங்கவில்லை. அதே 2003இல் பிரிட்ஸ் ஊரில் ஒரு பசுவை குளோன் செய்தார்கள். நிறையப் பால் கறந்த ஹோல்ஸ்டைன் மாட்டின் காதிலிருந்து எடுத்த செல். கன்றுக்கு ஃபூத்தி என்று பெயர் வைத்தார்கள். டர்பனில் வளர்ந்த யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டாம். ஜூலுவில் "மறுபடியும்".

எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரையின் தோலிலிருந்து கொத்தமல்லி விதை அளவு ஒரு துண்டு எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்துவிடுவார்கள். பிறகு வேறு ஏதோ ஒரு பெண் குதிரையின் கருமுட்டையை எடுத்து, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் அதன் உட்கருவை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். காலியான முட்டைக்குள் உங்கள் குதிரையின் செல்லை வைத்து, மின்சாரத் துடிப்பு கொடுத்து இரண்டையும் ஒட்டவைப்பார்கள். விந்து வந்து சேர்ந்துவிட்டது என்று முட்டை ஏமாற ஒரு ரசாயனம் கொடுப்பார்கள். பிரிந்து வளர ஆரம்பித்தால் ஒரு வாரம் வளர்த்து, வாடகைத் தாயின் கருப்பையில் வைப்பார்கள். அதற்கப்புறம் சாதாரண சினைதான், பதினொரு மாதம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அதே குதிரையா?

இந்த நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய காலத்தில் இங்கே "உப்பேறிய குதிரை" என்று ஒரு பேச்சு உண்டு. ஆப்பிரிக்கக் குதிரை நோய் தெரியும் அல்லவா? கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிப் பூச்சி கடித்துப் பரவுவது. மழைக்காலம் முடிகிற நேரத்தில் வரும், காலையில் நன்றாகத் தின்ற குதிரை மறுநாள் மூக்கில் நுரை தள்ளிச் செத்துக் கிடக்கும். 1854, 55இல் கேப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 70,000 குதிரைகள் செத்தன. அந்த நோய் வந்தும் பிழைத்து எழுந்த குதிரையைத்தான் உப்பேறியது என்றார்கள். வண்டிக்காரர்களும் வேட்டைக்காரர்களும் சாதாரணக் குதிரையைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்கினார்கள். மறுபடி அவ்வளவு எளிதில் சாகாது என்ற நம்பிக்கை.

உப்பேறிய குதிரையை குளோன் செய்தால் குட்டிக்கு உப்பு இருக்குமா? இருக்காது. அந்த எதிர்ப்புச் சக்தி அந்தக் குதிரை ஒரு வாரம் செத்துப் பிழைத்துச் சம்பாதித்தது. உட்கருவுக்குள் அது எழுதப்படவில்லை. கருப்பனிடம் உங்கள் மகளுக்குப் பிடித்த விஷயங்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தடைக்கு மூன்று எட்டு முன்னால் அவன் தானாகவே காலடியைச் சரிசெய்துகொள்வது, லாரியில் ஏறத் தயங்காதது, பட்டாசுச் சத்தத்துக்கு மிரளாதது. அதில் பாதிக்கு மேல் உப்புதான்.

மீதி இருக்கிறதே, அது கொஞ்சம் பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை. எலும்பின் நீளம், தோள் சாய்ந்திருக்கிற கோணம், பின்னங்காலின் உந்துசக்தி, பதற்றம் சட்டென்று வருமா மெதுவாக வருமா என்பது, இதெல்லாம் பிறவியிலேயே வருவது. அது நகலில் இருக்கும். கிழிந்த தசைநார் வராது, குட்டிக்குப் புதுக் கால்தான். ஆனால் அந்தத் தசைநார் கிழிவதற்குக் கருப்பனின் கால் அமைப்பே ஒரு காரணமாக இருந்தால், உதாரணமாகக் குளம்புக்கு மேலே உள்ள எலும்பு நீளமாகவும் சாய்வாகவும் இருந்தால், அந்த அமைப்பும் சேர்ந்தே வரும். சொந்தக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பார்வைக்குக்கூட அச்சு அசலாக இருக்காது. நெற்றிச் சுட்டியும் காலில் உள்ள வெள்ளையும் மாறும். கருவில் வளரும்போது நிறம் தரும் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி நெற்றிக்கும் கால் நுனிக்கும் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தன என்பது ஒவ்வொரு சினையிலும் கொஞ்சம் வேறுபடும். அப்புறம், முட்டை கொடுத்த பெண் குதிரையின் மைட்டோகாண்ட்ரியா குட்டியிடம் தங்கிவிடும். செல்லுக்குச் சக்தி தரும் அந்தச் சின்ன உறுப்புக்குத் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. ஓடிப் பிழைக்கிற பிராணிக்கு அது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று நிபுணர்களே இன்னும் வாதாடுகிறார்கள். வாடகைத் தாயின் கருப்பை அளவு, அவள் பால், அவள் மந்தையில் எப்படி நடந்துகொள்வாள் என்பதும் உண்டு. பயந்த தாயிடம் வளரும் குட்டி பயப்படவும் கற்றுக்கொள்கிறது, இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் அந்த ஐடஹோ கோவேறு கழுதைகளையே எடுத்துக்கொள்ளலாம். ஐடஹோ ஜெம்மும், அதே செல்லிலிருந்து வந்த ஐடஹோ ஸ்டாரும் தனித்தனி ஆட்களிடம் பயிற்சி பெற்று, 2006இல் நெவாடாவில் ஒரே பந்தயத்தில் ஓடின. ஒன்று மூன்றாவதாக வந்தது, இன்னொன்று ஏழாவதாக. எனக்கு இந்த ஒரு பந்தயம் போதும். அண்ணன் தம்பி இரட்டையர் ஒரே வகுப்பில் படித்து வேறு வேறு மார்க் வாங்குவதில் என்ன அதிசயம்? குளோன் என்பது பல வருடம் தாமதமாகப் பிறந்த இரட்டைத் தம்பி. கருப்பன் விஷயத்தில் 18 வருடம் தாமதம்.

அப்படியானால் ஏன் இவ்வளவு பணம் கொட்டிச் செய்கிறார்கள்? காரணம் கருப்பனைப் போன்றவைதான். போட்டிக் குதிரைகளில் நல்லவை பல காயடித்தவை. சின்ன வயதிலேயே, இதன் திறமை என்ன என்று தெரியும் முன்பே, அடக்கமாக இருக்கட்டும் என்று காயடித்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அது உலகச் சாம்பியன் ஆகும்போது வாரிசுக்கு வழி இருக்காது. ஜெம் ட்விஸ்ட் என்ற வெள்ளைக் குதிரை 1988 சோல் ஒலிம்பிக்ஸில் இரண்டு வெள்ளி வாங்கியது. காயடித்தது. அதன் நகல் ஜெமினி 2008இல் பிறந்தது, காயடிக்காமல் இனப்பெருக்கத்துக்கான பொலிகுதிரையாக வைத்தார்கள். ஸ்கேம்பர் என்ற ரோடியோ குதிரை, பீப்பாய்களைச் சுற்றி ஓடுவதில் பத்து வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் வாங்கியது. ஒருமுறை கடிவாளம் கழன்று விழுந்தும் ஓட்டத்தை முடித்து ஜெயித்த குதிரை அது. அதற்கும் 2006இல் ஒரு நகல், அதுவும் இனப்பெருக்கத்துக்குத்தான். 2005இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் பியராஸ் என்ற நெடுந்தூர ஓட்டக் குதிரைக்குச் செய்ததும் இதே கணக்கு. கவனித்தால் தெரியும், இவர்கள் யாரும் அதே குதிரை திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. வெட்டி எறிந்த விதையைத்தான் திரும்ப வாங்கினார்கள். மகனையும் மகளையும் நகல் மூலமாகப் பெற்றுக்கொண்டார்கள்.

போலோ கதை வேறு. அர்ஜென்டினாவின் போலோ வீரர் அடோல்ஃபோ காம்பியாசோ 2006இல் பியூனஸ் அயர்ஸின் பலேர்மோ திடலில் இறுதி ஆட்டம் ஆடும்போது அவருடைய ஐக்கன் கூரா என்ற குதிரையின் கால் உடைந்தது. அதன் செல்லை எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு குவார்த்தெத்தெரா என்ற தன் சிறந்த பெண் குதிரையைப் பல தடவை நகலெடுத்தார்கள். அந்த நகல்களில் சில மாதக் குட்டி ஒன்று 2010இல் பியூனஸ் அயர்ஸில் 8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2016 இறுதி ஆட்டத்தில் அவர் ஆறு குவார்த்தெத்தெராக்களை மாற்றி மாற்றி ஓட்டி ஜெயித்தார். போலோவில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு வாயும் வேறு வேறு பிரேக்குமாக இருந்தால் ஓட்டுபவர் திணறிப்போவார். ஒரே மாதிரியான ஆறு குதிரை கிடைப்பது அங்கே பெரிய வசதி. அவரிடம் பணமும், பழக்க ஐம்பது ஆட்களும், முதல் இரண்டு வருடம் எதிர்பார்த்தபடி வராததைத் தள்ளிவிடும் வசதியும் இருந்தன. உங்கள் மகளுக்கு வேண்டியது ஒரு குதிரை.

போட்டியில் விடுவார்களா? இங்கே விளையாட்டுக்கு விளையாட்டு சட்டம் மாறும்.

ஜம்பிங், டிரஸ்ஸாஜ், ஈவென்டிங், நெடுந்தூர ஓட்டம் இவற்றுக்கான உலகச் சம்மேளனம் எஃப்.இ.ஐ. 2007இல் குளோனுக்குக் கதவை மூடியது. 2012இல் திறந்துவிட்டது, நகலும் ஓடலாம், அதன் குட்டிகளும் ஓடலாம். வம்சப் பதிவேடுகள் தனித்தனி. பெல்ஜியத்தின் ஸாங்கர்ஸ்ஹைடே ஏற்றுக்கொள்கிறது, ரத்தீனா என்ற தன் பேர்பெற்ற பெண் குதிரையையே அது நகலெடுத்தது. குவார்ட்டர் என்ற குதிரை இனத்துக்கான அமெரிக்கச் சங்கம் ஏற்காது. அதை எதிர்த்து டெக்ஸாஸில் வழக்குப் போட்டார்கள், 2013இல் ஜூரி சங்கத்துக்கு எதிராகச் சொன்னது, 2015இல் மேல் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. பதிவு மறுக்கிற உரிமை சங்கத்துக்கே இருக்கிறது.

பந்தயக் குதிரைக்கு எங்கும் இடமே இல்லை. பந்தய இனமான தரோபிரெட் என்றால் பொலிகுதிரையும் பெண் குதிரையும் நேரில் சேர்ந்து பிறந்திருக்க வேண்டும். குளோன் மட்டுமல்ல, நான் தினமும் செய்கிற செயற்கைக் கருவூட்டலுக்கும் கருமாற்றத்துக்கும்கூட அங்கே தடை. இதை நான் சொல்லும்போதெல்லாம் நம் பெரியவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும். என் தாத்தா கிளேர்வுட் பந்தயத் திடலில் குதிரை தேய்த்துக் குளிப்பாட்டும் வேலை பார்த்தவர். அந்தத் திடலை 2014இல் மூடிவிட்டார்கள், தாத்தா அதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லதுதான். அவருக்கு உலகத்தில் ஒரே குதிரை ஸீ காட்டேஜ். 1966இல் டர்பன் ஜூலை என்ற பெரிய பந்தயத்துக்கு முன்னால் டர்பன் கடற்கரையில் பயிற்சிக்குப் போன அதைத் துப்பாக்கியால் சுட்டார்கள். பின்புறத்தில் குண்டு பாய்ந்த நிலையில் அது அந்த வருடமே ஓடி நான்காவதாக வந்தது. மறு வருடம் ஜாலிஃபையோடு சமமாக வந்து பட்டத்தைப் பங்குபோட்டது. "அந்த மாதிரி இன்னொன்று செய்ய முடியுமாடா?" என்று கடைசி வருடங்களில் கேட்பார். செய்ய அப்போதே காலம் கடந்துவிட்டது, செய்தாலும் கிரேவில் பந்தயத் திடல் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பேன். பாக்கெட் பவரை நினைத்துப் பாருங்கள். கேப் டவுனின் மெட் பந்தயத்தை 2007, 2008, 2009 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றது, 2008 டர்பன் ஜூலையில் சமமாக முதல். காயடித்த குதிரை. ஜம்பிங்கில் பிறந்திருந்தால் அதற்கு இந்நேரம் ஒரு நகல் நின்றிருக்கும். பந்தயத்தில் இருந்ததால் அதன் கதை அதோடு முடிந்தது. அந்தத் தடை எனக்குச் சரி என்றே படுகிறது. இல்லாவிட்டால் பத்துப் பேர் பணத்தில் பத்துக் குதிரையே திடல் முழுக்க ஓடும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். அர்ஜென்டினாவில் 2024இல் ஐந்து குட்டிகள் பிறந்தன, போலோ புரேஸா என்ற குதிரையின் வழி. அவை வெறும் நகல் இல்லை, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஜீனைத் திருத்தி உருவாக்கியவை. அது வேறு வாசல். அந்த நாட்டுப் போலோ சங்கமே அதை உள்ளே விடத் தயாராக இல்லை. உங்கள் சொந்தக்காரர் சொல்வது இது இல்லை.

செலவுக்கு வருவோம். அமெரிக்காவில் குதிரை ஒன்றுக்குச் சொல்லும் விலை சுமார் 85,000 டாலர். நம் பணத்தில் ஒன்றரை மில்லியன் ராண்ட் அளவு. அது பிறந்து நிற்கும் குட்டிக்கான விலை, அதுவும் அங்கே நிற்கும் குட்டி. இங்கே கொண்டுவர விமானம், தனிமைப்படுத்தல், காகிதங்கள். வந்து இறங்கும் குட்டிக்கு இந்த ஊர் நோயைப் பற்றி எதுவும் தெரியாது. நம் பண்ணையில் பிறக்கும் குட்டி, தடுப்பூசி போட்ட தாயின் சீம்பாலிலேயே முதல் சில மாதத்துக்கான காவலைக் குடித்துவிடுகிறது. அமெரிக்கத் தாயின் சீம்பாலில் அந்தக் காவல் ஏது? அந்த நோய் வரும் பிப்ரவரியில் கொண்டுவந்து இறக்கினீர்கள் என்றால் அதைவிட முட்டாள்தனம் இருக்காது.

குட்டி நன்றாகப் பிறக்கும் என்பதும் எழுதி வைத்ததில்லை. நகல் குட்டிகளில் தொப்புள் கொடி தடித்திருப்பதும், முன்னங்கால் தசைநார் சுருங்கி மணிக்கட்டு மடிந்தே நிற்பதும், பிறந்ததும் பால் தேடத் தெரியாமல் சுவரை நக்கிக்கொண்டு நிற்பதும் சாதாரணக் குட்டிகளைவிட அதிகம். சாதாரணக் குட்டியிலும் இதெல்லாம் வரும், நான் பார்த்திருக்கிறேன். அந்த மடிந்த காலுக்குப் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து, பஞ்சு சுற்றி, கட்டுப் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோல் புண்ணாகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் தூக்கம் கிடையாது. பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

சரி, செய்யலாமா? என் அபிப்பிராயத்தை இரண்டாகப் பிரிக்கிறேன். செல் எடுத்து வைப்பது வேறு, குளோன் செய்வது வேறு.

செல் எடுத்து வைப்பதில் நஷ்டம் குறைவு. நைட்ரஜனுக்குள் போன செல் அவசரப்படாது. ப்ரிஸெவால்ஸ்கி என்ற மங்கோலியக் காட்டுக் குதிரையின் செல்லை 1980இல் உறைய வைத்தார்கள், அதிலிருந்து 2020 ஆகஸ்டில் குர்ட் என்ற குட்டி பிறந்தது. 40 வருடம். குளோன் என்ற பேச்சில் எனக்கு மனப்பூர்வமாகப் பிடித்தது அது ஒன்றுதான். அழியும் தறுவாயில் ஒரு சில குதிரைகளிலிருந்து மீண்ட இனத்துக்கு, காணாமல் போயிருந்த ஒரு ரத்தம் திரும்பி வந்தது.

எடுப்பதென்றால் கருப்பன் தின்றுகொண்டு நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். டாக்டர் கழுத்தில் பிடரி மயிரை ஒதுக்கி, மயிர் விழுந்து மறையும் இடமாகப் பார்த்துச் சிரைப்பார். நன்றாகக் கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, பேனா மூடி போன்ற ஒரு வட்டக் கத்தியை அழுத்தித் திருகுவார். துண்டு மருந்துத் திரவம் உள்ள குப்பிக்குள் போகும். ஒரு தையல். கருப்பன் பாதி நேரம் வைக்கோலையே மென்றுகொண்டிருப்பான். குப்பியை ஐஸ் ஜெல் பையோடு தெர்மோகோல் பெட்டியில் வைக்க வேண்டும், நடுவில் துணி போட வேண்டும், நேராக ஐஸ் மேல் படக்கூடாது. குதிரை நோய் உள்ள நாடு என்பதால் வெளிநாட்டுக்கு அனுப்ப அங்கிருந்து இறக்குமதி அனுமதி முதலில் வர வேண்டும். காகிதம் கைக்கு வந்த பிறகு கத்தியை எடுங்கள்.

ஒரு பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு நல்ல ஜம்பர் வயிறு முறுக்கிக்கொண்டு செத்துப்போனது. உரிமையாளர் எங்கோ படித்த ஞாபகத்தில் காதை அறுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டார். திங்கள் காலை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பட்டாணிப் பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு கல் மாதிரி இருந்தது. உறையவைக்கும் திரவம் இல்லாமல் ஃப்ரீஸரில் போனால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டி ஊசியாகி உள்ளேயே கிழித்துவிடும். கீழ்த் தட்டில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் சில நாள் உயிரோடு இருந்திருக்கும். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வதற்கு முன் நான் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தேன்.

குளோன் செய்வதற்கு, இல்லை என்றே சொல்வேன் அண்ணா. கருப்பன் 1.50 மீட்டர் தாண்டி உலகக் கோப்பைச் சுற்றில் நின்றவன் என்றால் அவன் ரத்தத்துக்கு வாங்க ஆள் இருக்கும், நகலைப் பொலிகுதிரையாக நிறுத்திக் காசு பார்க்கலாம். 1.20 என்பது நல்ல குதிரை, பாசமான குதிரை, ஆனால் இனப்பெருக்கச் சந்தையில் அதன் பெயரைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மகள் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் என்றால் கணக்கு இன்னும் மோசம். இன்று ஆரம்பித்தால் குட்டி பிறக்க ஒன்றரை வருடம், ஏறிப் பழக்க இன்னும் மூன்றரை வருடம், 1.20 தாண்ட மேலும் மூன்று வருடம். அவளுக்கு அப்போது கல்யாண வயது.

அதற்குப் பதில் ஒரு வேலை செய்யுங்கள். கருப்பனின் பாஸ்போர்ட்டை எடுத்துத் தாய் பெயரைப் பாருங்கள். அந்தப் பெண் குதிரை எங்கே, இருக்கிறதா, வேறு குட்டி போட்டதா என்று விசாரியுங்கள். அக்காவோ தங்கையோ எங்காவது ஒரு பண்ணையில் வேலியோரம் புல் தின்றுகொண்டு நிற்கலாம். தாயும் தகப்பனும் ஒன்றாக இருந்தால் அவளுக்கும் அவனுக்கும் சராசரியாகப் பாதி ரத்தம் பொது, தாய் மட்டும் ஒன்றென்றால் கால் பங்கு. அவளுக்கு நல்ல பொலிகுதிரையின் உறைந்த விந்தை வைத்து ஒரு குட்டி எடுப்பது, நகலுக்கு ஆகும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அப்படிக் கிடைத்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், ஸ்கேனுக்குக் காசு வேண்டாம்.

இனி பாப்பாவின் கேள்வி. தெரியாதம்மா. அந்தக் குட்டி உன்னைப் பார்த்ததே இருக்காது. கருப்பனுக்கு எந்தப் பக்கம் காதடியில் சொறிந்தால் உதடு தொங்குமோ, அதே இடத்தில் அதற்கும் தொங்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். அவனுக்கு 17தான் ஆகிறது. கால் முறிந்தவன் இல்லை, தசைநார் கிழிந்தவன், தாண்டாவிட்டாலும் நடப்பான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பத்து வருடம் இருப்பான். அடுத்து வரும் இளம் குதிரையை அவன் பக்கத்து லாயத்தில் கட்டு. லாரியில் முதலில் அவனை ஏற்று, புதியது பின்னாலேயே ஏறும். அப்பாவிடம் ஞாபகப்படுத்து: குதிரை நோய் ஊசி ஜூனிலிருந்து அக்டோபருக்குள், இரண்டு குப்பி, முதலாவது போட்டு மூன்று வாரமாவது கழித்து இரண்டாவது. ஊசி போட்ட பின் சில வாரம் அவனை வேர்க்க விடாதே.